புதைபடிவ வளைகோட்டை வாசிப்பது எப்படி? உயிரினப் பேரழிவுகளின் எண்களைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

புவியில் உயிர்கள் பெருகியதையும் அழிந்ததையும் விளக்கும் நூல்களில் பெரும்பாலும் ஒரு வளைகோடு இடம்பெற்றிருக்கும். இடது ஓரத்தில் கேம்பிரியன் காலம், வலது ஓரத்தில் இன்றைய நாள், இரண்டுக்கும் இடையே மலைத்தொடரைப் போல ஏறி இறங்கும் ஒரு கோடு, அது சட்டென்று சரியும் ஐந்து இடங்களில் ஐந்து அம்புக்குறிகள். பலரும் அந்த அம்புக்குறிகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். "96 சதவீத உயிரினங்கள் அழிந்தன" என்ற வரி மட்டும் நினைவில் நிற்கிறது. அந்த 96 எதை எண்ணியதால் வந்தது, அந்த அழிவு எவ்வளவு காலத்தில் நடந்தது, எவ்வளவு தேடிய பிறகு அப்படிச் சொன்னார்கள் என்பவை நினைவில் நிற்பதில்லை. இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் எந்த அழிவுக் கணக்கையும் ஏற்கவும் கூடாது, மறுக்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றைக் கேட்கும் முறையையே கீழே விளக்குகிறேன். இதற்கு 60 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு தாள் பட்டைகள், கூரான ஒரு பென்சில், மில்லிமீட்டர் குறித்த ஓர் அளவுகோல், ஒரு கணிப்பான் ஆகியவை இருந்தால் போதும்.

முதலில் காலத்தைக் கையால் அளந்துகொள்ளுங்கள்

முதல் பட்டையின் வலது முனையை இன்று என்று வைத்துக்கொண்டு, ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்ற கணக்கில் இடப்பக்கமாக அளந்து செல்லுங்கள். 539 மில்லிமீட்டரில் கேம்பிரியன் காலத்தின் தொடக்கம் வரும். அதற்குள் ஐந்து கோடுகளை இடுங்கள்: 66-ல் கிரெட்டேசியஸ் முடிவு, 201-ல் டிரையாசிக் முடிவு, 252-ல் பெர்மியன் முடிவு, 372-ல் டெவோனியன் பிற்காலத்து அழிவு, 444-ல் ஆர்டோவிசியன் முடிவு. புவியின் வயது 454 கோடி ஆண்டு. ஆகவே, முழுக் கதையையும் இதே அளவில் வரைவதற்கு நாலரை மீட்டருக்கும் சற்று நீளமான தாள் வேண்டும். நம் பட்டைக்கு இடப்பக்கம் நீளும் அந்த நான்கு மீட்டரில் உயிர் இருந்தது என்றாலும், அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் காலம். ஓடும் எலும்பும் இல்லாத அவற்றை இந்த வளைகோட்டின் முறையால் எண்ண முடியாது.

இந்தப் பட்டை கற்றுத் தரும் முதல் பாடம் கோட்டின் தடிமனைப் பற்றியது. பெர்மியன் முடிவில் நடந்த அழிவு ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது என்று இன்று கணக்கிடப்பட்டிருக்கிறது. நம் அளவில் அது 0.06 மில்லிமீட்டர், நீங்கள் இட்ட பென்சில் கோட்டின் தடிமன் அதைப் போலப் பல மடங்கு. மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டு வரலாறும் 0.3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். எனவே வளைகோட்டில் செங்குத்தாகத் தெரியும் ஒரு சரிவு ஒரே நாளில் நடந்ததா, ஆயிரம் ஆண்டுகளில் நடந்ததா, ஒரு லட்சம் ஆண்டுகளில் நடந்ததா என்பதை அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லப் பாறையிடம்தான் போக வேண்டும்.

கோட்டின் உயரம் எதை எண்ணுகிறது என்று பாருங்கள்

அடுத்ததாக, வரைபடத்தின் செங்குத்து அச்சில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பலர் தாண்டிப் போய்விடும் இந்த இடம்தான் முழு வாசிப்புக்கும் சாவி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜாக் செப்கோஸ்கி பல ஆண்டுகள் நூலகங்களில் உழைத்து, கடல் விலங்குக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் பாறைப் பதிவில் எப்போது முதலில் தோன்றின, எப்போது கடைசியாகக் காணப்பட்டன என்று தொகுத்தார். பின்னர் பேரினங்களுக்கும் அதே வேலையைச் செய்தார். (நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்தது பேரினம், நெருங்கிய பேரினங்கள் சேர்ந்தது குடும்பம்.) அந்தத் தொகுப்பை வைத்து அவரும் டேவிட் ரௌப்பும் 1982-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் "ஐந்து பேரழிவுகள்" என்ற கணக்குக்கு அடிப்படை. அந்தக் கட்டுரையிலேயே நான்கு அழிவுகள் மட்டும்தான் வழக்கமான அழிவு வேகத்திலிருந்து புள்ளியியல் அடிப்படையில் தெளிவாக விலகி நின்றன. டெவோனியன் அழிவு உயர்ந்து தெரிந்தாலும் அந்தத் தேர்வில் தேறவில்லை என்று ஆசிரியர்களே எழுதியிருந்தார்கள். ஐந்து என்ற எண்ணை மாற்ற முடியாத ஒன்றாகக் கருதுவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஏன் கடல் விலங்குகள்? கடலடியில் வண்டல் தொடர்ந்து படிகிறது, ஓடுகள் எளிதில் புதைந்து நிலைக்கின்றன. நிலத்திலோ படிவதைவிட அரிக்கப்படுவதே அதிகம். ஏன் குடும்பங்கள்? ஒரு சிற்றினத்தின் ஓடு கிடைக்காமல் போவதற்கு வாய்ப்பு மிக அதிகம்; குடும்பத்தில் ஏதோ ஒரு சிற்றினத்தின் ஓடாவது கிடைத்துவிடும். நம்பகத்தன்மை கூடுகிறது, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. குடும்பம் அழிந்தது என்று சொல்ல வேண்டுமானால் அதிலுள்ள கடைசிச் சிற்றினமும் அழிந்திருக்க வேண்டும்.

இந்த விலையை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பேரழிவில் ஒவ்வொரு சிற்றினமும் அழிவதற்கு 80 சதவீத வாய்ப்பு இருப்பதாகவும், ஒன்றின் அழிவு மற்றொன்றைச் சாராததாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சிற்றினம் கொண்ட குடும்பம் முற்றிலும் அழிய 80 சதவீத வாய்ப்பு. நான்கு சிற்றினங்கள் கொண்ட குடும்பம் அழிய 0.8-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 41 சதவீதம். பத்துச் சிற்றினங்கள் என்றால் சுமார் 11 சதவீதம்தான். ஐந்தில் நான்கு சிற்றினங்கள் ஒழிந்த உலகிலும் குடும்பக் கணக்கில் பாதிக்கும் குறைவான இழப்பே தெரியக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகச் செய்துதான் ரௌப் 1979-ல் உயர்மட்டப் பிரிவுகளின் இழப்பிலிருந்து பெர்மியன் முடிவின் சிற்றின இழப்பை 88 முதல் 96 சதவீதம் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார். மக்கள் மனத்தில் நிற்கும் 96 அந்த வீச்சின் மேல் முனை. அழிவு எல்லாக் குழுக்களையும் சமமாகத் தாக்கியது என்பது அந்தக் கணக்கின் அனுமானம். உண்மையில் சில குடும்பங்கள் கூண்டோடு போயின, சில தப்பின. இதைக் கணக்கில் கொண்டு, வழக்கமான அழிவையும் கழித்து ஸ்டீவன் ஸ்டான்லி 2016-ல் செய்த மதிப்பீடு கடல் சிற்றினங்களில் சுமார் 81 சதவீதம் என்று வந்தது. ஆகவே, ஒரு சதவீதத்தைப் படித்ததும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: சிற்றினமா, பேரினமா, குடும்பமா? கடலா, நிலமா? நேரடியாக எண்ணியதா, கணக்கிட்டுப் பெற்றதா?

கடைசியாகக் கிடைத்த படிவத்தை எப்படி எடுத்துக்கொள்வது

ஒரு விலங்கின் கடைசிப் படிவம் கிடைத்த அடுக்கு அந்த விலங்கின் இறுதி நாளைக் காட்டாது; அது அழிந்தது அதற்குப் பிறகுதான். அரிதான உயிரினமாக இருந்தால் இந்த இடைவெளி மிகப் பெரிதாகிவிடும். இதனால், ஒரே நேரத்தில் அழிந்த நூறு சிற்றினங்களும் பாறையில் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல மறைந்ததுபோலத் தெரியும். 1982-ல் பிலிப் சிக்னாரும் ஜெரே லிப்ஸும் விளக்கியதால் இது அவர்கள் பெயராலேயே சிக்னார்–லிப்ஸ் விளைவு எனப்படுகிறது.

ஸ்பெயினின் வடகரையில் உள்ள சுமாயா என்ற ஊரின் பாறைச் சரிவுகள் இதற்கு நல்ல சாட்சி. அங்கே அம்மோனைட்டுகள் என்ற, சுருள் ஓடுள்ள அழிந்த கடல் விலங்குகளைத் தேடிய ஆய்வாளர் பீட்டர் வார்டு, கிரெட்டேசியஸ் எல்லைக்குப் பல மீட்டர் கீழேயே அவை நின்றுவிடுவதைக் கண்டார். விண்கல் விழுவதற்கு நெடுங்காலம் முன்பே அம்மோனைட்டுகள் மெல்ல ஒழிந்துவிட்டன என்றே அப்போது தோன்றியது. அவர் தேடலை நிறுத்தவில்லை. சுமாயாவிலும் பிஸ்கே வளைகுடாவின் மற்றக் கரையோரப் பாறைகளிலும் மேலும் பல பருவங்கள் தேடிய பிறகு, எல்லைக்கு மிக அருகில் வரை அம்மோனைட்டுகள் கிடைத்தன. பாறை அதே பாறைதான். தேடிய உழைப்பு கூடியதும் படம் மாறியது. தம் முதல் முடிவைத் தாமே மீண்டும் சோதிக்கும் இந்தப் பொறுமை அறிவியலில் மிகவும் மதிக்கத்தக்கது என்று நான் கருதுகிறேன்.

இதைச் சோதிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு சிற்றினத்தின் படிவங்கள் பாறையில் 40 மீட்டர் உயரத்துக்குள் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஐந்தே படிவங்கள் என்றால் அவற்றின் நடுவே நான்கு இடைவெளிகள், சராசரி 10 மீட்டர். ஆகவே கடைசிப் படிவத்துக்கு மேலே இன்னும் 10 மீட்டருக்கு அது வாழ்ந்திருந்தால் வியப்பில்லை. 41 படிவங்கள் கிடைத்திருந்தால் சராசரி இடைவெளி ஒரு மீட்டர்தான். 95 சதவீத உறுதி தேவை என்றால் வேறுபாடு இன்னும் கூர்மையாகும்: படிவங்கள் முன்பின் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பதாகக் கொண்டால், ஐந்தே படிவங்கள் இருந்தால் கடைசிப் படிவத்துக்கு மேலே சுமார் 45 மீட்டர் வரை ஐயத்துக்கு இடம் தர வேண்டும், 41 படிவங்கள் இருந்தால் சுமார் 3 மீட்டர் போதும். எனவே ஓர் அழிவு திடீரென நடந்ததா என்று பார்க்கும்போது அரிய விலங்குகளின் கடைசி அடுக்கை ஒதுக்கிவைத்து, ஏராளமாகக் கிடைக்கும் விலங்குகளின் கடைசி அடுக்குகளை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள்.

இதே விளைவின் மறுபுறம் லாசரஸ் இனங்கள். அழிந்துவிட்டதாகக் குறிக்கப்பட்டு, பல லட்சம் ஆண்டுகள் கழித்த அடுக்கில் மறுபடி தலைகாட்டும் குழுக்களுக்கு இந்தப் பெயர். இடைக்காலத்தில் அவை எங்கோ உயிரோடு இருந்தன, பாறை அவற்றைப் பதிவு செய்யவில்லை. சீலகாந்த் மீன்களின் புதைபடிவப் பதிவு கிரெட்டேசியஸோடு நின்றுவிடுகிறது. ஆனால் 1938-ல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிருள்ள சீலகாந்த் பிடிபட்டது.

ஓர் எல்லையை அருகில் நின்று பாருங்கள்

சீனாவின் ஜேஜியாங் மாகாணத்தில் உள்ள மெய்ஷான் கல்சுரங்கம்தான் பெர்மியன் முடிவுக்கும் டிரையாசிக் தொடக்கத்துக்கும் உலகப் பொது எல்லையாக 2001-ல் ஏற்கப்பட்ட இடம். அங்கே பாறை அடுக்குகளுக்கு எண்கள் இட்டிருக்கிறார்கள். 24-ஆம் அடுக்கு சுண்ணாம்புக்கல். அதில் பெர்மியன் கடலின் ஓடுகள் நிறைந்திருக்கின்றன. அதற்கு மேலே 25-ஆம் அடுக்கு, எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான வெளிறிய களிமண். அடுத்த 26-ஆம் அடுக்கு கருமையான களி. இந்த இரண்டையும் சேர்த்து அளந்தாலும் சுமார் 10 சென்டிமீட்டர்தான், ஒரு கைப்பிடியின் அகலம். அந்தக் கைப்பிடி அகலத்துக்குக் கீழே உள்ள பெரும்பாலான சிற்றினங்கள் அதற்கு மேலே இல்லை. அதிகாரபூர்வ எல்லையோ இன்னும் சற்று மேலே, 27-ஆம் அடுக்கின் நடுவில், ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடான்டின் (விலாங்கு போன்ற, அழிந்துபோன சிறு கடல் விலங்கின்) நுண்ணிய பல்போன்ற உறுப்பு முதன்முதலாகத் தோன்றும் இடத்தில் இருக்கிறது. அழிவு நிகழ்ந்த அடுக்கும் காலப் பெயர் மாறும் அடுக்கும் ஒன்றல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

சாம்பலில் சிர்க்கான் படிகங்கள் இருக்கும். உருவாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தை விலக்கும் இயல்பு அவற்றுக்கு உண்டு என்பதால், இன்று அவற்றில் உள்ள ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது என்று கொண்டு வயதைக் கணக்கிடலாம். 2014-ல் வெளியான அளவீட்டின்படி 25-ஆம் அடுக்கின் வயது 25.1941 கோடி ஆண்டு, 28-ஆம் அடுக்கின் வயது 25.1880 கோடி ஆண்டு. கழித்தால் சுமார் 60,000 ஆண்டு. அந்தக் கணக்கின் பிழை வரம்பு கூடவோ குறையவோ 48,000 ஆண்டு. அதாவது அழிவு 12,000 ஆண்டுகளிலும் நடந்திருக்கலாம், ஒரு லட்சம் ஆண்டுகளுக்குச் சற்று மேலும் எடுத்திருக்கலாம். செய்திகளில் முதல் எண் மட்டும் வரும்; பிழை வரம்பையும் தேடி எடுத்து எழுதிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

காரணத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே நல்லது. சைபீரியாவின் பெரும் எரிமலைப் பாறைகளின் வயது பெர்மியன் முடிவோடு பொருந்துகிறது என்பது வலுவான சான்று. கிரெட்டேசியஸ் எல்லையில் இத்தாலியின் குப்பியோவில் ஒரு சென்டிமீட்டர் களிமண்ணில் வழக்கத்தைவிட 30 மடங்கு இரிடியம் (புவியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள உலோகம்) இருந்ததை லூயிஸ் ஆல்வாரெஸ், வால்டர் ஆல்வாரெஸ், பிராங்க் அசாரோ, ஹெலன் மிஷேல் ஆகியோர் 1980-ல் வெளியிட்டார்கள். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் விண்கல் மோதி உண்டான சுமார் 180 கிலோமீட்டர் அகல சிக்சுலுப் பள்ளம் அதன் பிறகு அடையாளம் காணப்பட்டது. தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பெருக்கும் ஏறத்தாழ அதே காலத்தது. ஆனால் முன்னதாகத் தொடங்கியது. காலம் பொருந்துவது முதல் படி மட்டுமே. எந்த உயிர்கள் போயின, எவை தப்பின என்பதையும் அந்தக் காரணம் விளக்க வேண்டும்.

சரிவை இரண்டு கணக்குகளாகப் பிரியுங்கள்

வளைகோட்டின் உயரம் ஒரு மிச்சக் கணக்கு. புதிதாகத் தோன்றியவற்றைக் கூட்டி அழிந்தவற்றைக் கழித்தால் வருவது அது. ஆகவே அழிவு கூடாமலே கோடு சரியலாம். புதியவை தோன்றாமல் போனாலே போதும். டெவோனியன் பிற்காலத்தில் பல்வகைமை குறைந்ததற்கு அழிவு வேகத்தைவிடப் புதுத் தோற்றம் மந்தமானதே பெரிய காரணம் என்று 2004-ல் பாம்பாக், நோல், வாங் ஆகியோர் வாதிட்டார்கள். டிரையாசிக் முடிவிலும் அதற்கு முக்கியப் பங்கு உண்டு என்பது அவர்கள் கருத்து. நீங்கள் எந்தத் தரவைப் பார்த்தாலும் தோன்றியவை ஒரு நெடுவரிசையிலும், மறைந்தவை மற்றொரு நெடுவரிசையிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சரிவை அழிவு என்று பெயரிட்டு எழுதாதீர்கள்.

மீட்சியை வாசிப்பதற்கும் இதே கவனம் தேவை. பெர்மியன் அழிவுக்குப் பிறகு அம்மோனைட்டுகளை உள்ளடக்கிய அம்மோனாய்டுக் குழு பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்குள் மறுபடி பெருகிவிட்டது. பவளப்பாறைகள் மீண்டும் தோன்ற நடு டிரையாசிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலத்தில் நிலக்கரி படிவதும் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு நின்றுபோயிருந்தது. உயிரினப் பன்மயம் மீண்டது என்று ஒரே எண்ணால் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சொந்தமாக வரைய விரும்புவோர் பேலியோபயாலஜி டேட்டாபேஸ் என்ற திறந்த தரவுத்தளத்திலிருந்து ஏதாவது ஒரு குழுவின், எடுத்துக்காட்டாக டிரைலோபைட்டுகள் என்ற அழிந்த கடல் கணுக்காலிகளின், பதிவுகளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்த தேதியைத் தவறாமல் எழுதி வையுங்கள்; பதிவுகள் தொடர்ந்து சேர்வதால் அடுத்த ஆண்டு உங்கள் எண் மாறியிருக்கும். காலப்பகுதிகளுக்கு இடையே பதிவுகளின் எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டால், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே அளவு பதிவுகளைக் குலுக்கி எடுத்து எண்ணுங்கள். இளம் பாறைகள் அதிகமாக எஞ்சியிருப்பதாலும், இன்று வாழும் குழுக்களின் பதிவு இன்று வரை நீட்டப்படுவதாலும் வலப்பக்கம் இயல்பாகவே உயர்ந்து தெரியும். ஜான் ஆல்ராயும் உடனிருந்தோரும் 2008-ல் மாதிரிகளைச் சமப்படுத்தி வரைந்தபோது அந்த உயர்வு பழைய வரைபடத்தில் இருந்ததைவிட மிகவும் தணிந்திருந்தது.

இன்றைய அழிவை அதே அளவுகோலில் வைப்பது

இப்போது இரண்டாவது பட்டையை எடுங்கள். இதில் ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் ஆண்டு. 500 மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 1500-க்குப் பிந்தைய காலம் முழுதும் அடங்கிவிடும். பழைய பட்டையில் இந்த ஐந்து நூற்றாண்டுகளுக்கு உரிய இடம் 0.0005 மில்லிமீட்டர் என்பதால் அங்கே எதையும் குறிக்க முடியாது.

இன்று அறியப்பட்ட பாலூட்டிச் சிற்றினங்கள் 6,000-க்கும் மேல். 6,000 என்றே வைத்து 500 ஆண்டால் பெருக்கினால் 30 லட்சம் சிற்றின-ஆண்டுகள் (ஒரு சிற்றினம் ஓர் ஆண்டு வாழ்வது ஒரு சிற்றின-ஆண்டு). பத்து லட்சம் சிற்றின-ஆண்டுகளுக்கு இரண்டு அழிவு என்பது பாலூட்டிகளுக்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் இயல்பு வேகங்களில் வேண்டுமென்றே உயர்வாக எடுத்துக்கொண்ட ஒன்று. அதன்படி இந்தக் காலத்தில் ஆறு சிற்றினங்கள் அழிந்திருக்க வேண்டும். பதிவாகியிருப்பவை சுமார் 80. அதே 80-ஐ 6,000-ஆல் வகுத்தால் ஒரு சதவீதத்துக்குச் சற்றே மேல். ஐந்து பேரழிவுகளுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் 75 சதவீதச் சிற்றின இழப்புக்கு வெகு தொலைவில் இருக்கிறோம். வேகம் மிக அதிகம், மொத்த அளவு இன்னும் சிறிது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லும் எந்தக் கட்டுரையும் பாதிக் கணக்கையே தருகிறது.

ஒப்பிடும்போது இரு எச்சரிக்கைகள் தேவை. பழைய வளைகோடு ஓடுள்ள கடல் விலங்குகளைப் பற்றியது. இன்றைய பட்டியலில் பெரும்பகுதி நிலத்திலும் நன்னீரிலும் வாழ்ந்தவை. மேலும் குறுகிய காலத்தில் அளக்கும் வேகம், நீண்ட காலத்தின் சராசரியைவிட இயல்பாகவே ஏற்ற இறக்கம் மிகுந்தது. யாரும் பெயரிடும் முன்னே மறைந்தவை எந்தக் கணக்கிலும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கோடுகளை இடலாம். இயல்பு வேகத்துக்குப் பட்டையின் மேல் விளிம்பில் 83 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஆறு கோடுகள். உண்மை எண்ணிக்கைக்குக் கீழ் விளிம்பில் சுமார் 6 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 80 கோடுகள். பிறகு, ஆண்டு தெரிந்தவற்றை அந்தந்த இடத்துக்கு மாற்றிக் குறியுங்கள். ஸ்டெல்லரின் கடற்பசுவை இயற்கை ஆய்வாளர் கேயார்க் ஸ்டெல்லர் 1741-ல் கண்டு விவரித்தார். 1768-க்குள் வேட்டையில் அது ஒழிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் கோடிட்டு நடுவே அளந்து பாருங்கள். 27 மில்லிமீட்டர்தான் இருக்கும்.